குருதியின் ஓசையைக் கேட்ட மருத்துவர்

கோலா சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவாத்தி குன்றின்மேல் நின்று மேற்கே பார்த்தால், கண்டல் காடுகளுக்கு அப்பால் மலாக்கா நீரிணை தெரியும். இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் இந்த நீரிணையில் கப்பல்கள் ஓயாமல் போய்வந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்கள் பினாங்கு வழியாகச் சிலாங்கூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாக மாறத் தொடங்கிய காலம் அது.

அதே ஆண்டுகளில், எதிர்த் திசையில், சிங்கப்பூரிலிருந்து இலங்கையை நோக்கி ஓர் இளம் ரஷ்ய மருத்துவர் இந்த நீரிணையைக் கடந்து சென்றார். சீனாவில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்துவிட்டு அவர் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். கரையில் இருந்த தோட்டங்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தோட்ட மக்களுக்கும் அவரைத் தெரியாது. ஆனால், பின்னாளில் அவர் கண்டறிந்த ஒரு முறை அந்தத் தோட்டத்து மருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நம் தாத்தா பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் பெயர் நிக்கொலாய் கொரொட்கோவ்.

பிறப்பும் கல்வியும்

கொரொட்கோவ் 1874ஆம் ஆண்டு ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை அந்நகரிலேயே முடித்தார். பிறகு கார்கோவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1895இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்திற்கு மாறினார். 1898இல் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்று, அங்கேயே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார்.

1900இல் சீனாவில் பெரும் கலவரம் மூண்டது. அங்குச் சென்ற ரஷ்யப் படையினருக்குச் சிகிச்சை அளிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவக் குழு ஒன்று புறப்பட்டது. இருபத்தாறு வயதே நிரம்பிய கொரொட்கோவும் அதில் சேர்ந்துகொண்டார். சைபீரியாவை இரயிலிலும் ஆற்றுவழியிலும் கடந்து, பசிபிக் கரையில் உள்ள விளாடிவஸ்தோக்கை அடைவதே ஒரு பெரும் பயணமாக இருந்தது. பணி முடிந்ததும் ஜப்பான், சிங்கப்பூர், இலங்கை, சூயஸ் கால்வாய் வழியாகக் கருங்கடலை அடைந்து நாடு திரும்பினார். நோயாளிகளுக்கும் காயமடைந்தோருக்கும் அவர் ஆற்றிய தொண்டுக்காகப் புனித அன்னா விருது வழங்கப்பட்டது.

நாடு திரும்பியபின் படிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டார். அறுவைச் சிகிச்சையில் நோயறிதல் பற்றிய ஒரு ஜெர்மானிய நூலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தார். 1903இல் பேராசிரியர் செர்கேய் ஃபெதோரவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இராணுவ மருத்துவக் கழகத்திற்குப் பொறுப்பேற்றுச் சென்றார். அவர் தமக்கு உதவியாளராகக் கொரொட்கோவை அங்கு அழைத்துக்கொண்டார்.

போர்க்களத்தில் எழுந்த கேள்வி

1904இல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. கொரொட்கோவ் மீண்டும் கிழக்கே சென்றார். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் செஞ்சிலுவைக் குழுவின் மூத்த அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.

துப்பாக்கிக் குண்டு பட்ட வீரர்கள் பலருக்குக் கையிலும் காலிலும் தமனிகள் சிதைந்திருந்தன. இதயத்திலிருந்து இரத்தத்தை உடலின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் குழாயே தமனி. காயம்பட்ட தமனி சில வேளைகளில் பலூன் போல வீங்கிவிடும். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, மருத்துவர்கள் அந்தத் தமனியைக் கட்டி அடைத்துவிடுவார்கள். அடைத்தபின் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கத்தில் உள்ள சிறிய குழாய்கள் போதிய இரத்தத்தைக் கொண்டு சென்றால் கை பிழைக்கும். கொண்டு செல்லாவிட்டால் கை அழுகிவிடும். எந்த வீரருக்கு எது நேரும் என்பதை அறுவைக்கு முன்பே அறிய அன்று வழி இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை காண்பதையே கொரொட்கோவ் தம் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அவருக்கு முந்தைய தலைமுறையில் வாழ்ந்த புகழ்பெற்ற ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரகோவ், தமனியில் கத்தி வைக்கும் முன் அதன் ஓசையைக் கேட்டறிய வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார். கொரொட்கோவ் அந்த அறிவுரையைக் கைவிடாமல் பின்பற்றினார். நோயாளியின் கையிலும் காலிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பது அவருடைய அன்றாடப் பழக்கம் ஆயிற்று. மற்ற மருத்துவர்கள் நெஞ்சின்மேல் வைத்துக் கேட்ட கருவியை அவர் தமனியின்மேல் வைத்துக் கேட்டார்.

அவருக்கு முன் அளந்தவர்கள்

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தார். இரத்தம் அந்தக் குழாயில் எட்டு அடிக்கும் மேலே ஏறி நின்றது. இதனை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். ஆனால், மனிதரின் தமனியைக் குத்தித் திறந்து அளப்பது நடக்கக்கூடிய செயல் அன்று.

1896இல் இத்தாலியின் தூரின் நகரில் மருத்துவர் சிப்பியோனே ரீவா-ரோச்சி ஒரு நல்ல வழியைக் கண்டார். காற்றடைக்கும் ரப்பர்ப் பட்டை ஒன்றை மேற்கையில் சுற்றினார். பட்டையைப் பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயுடன் இணைத்தார். பட்டையில் காற்று ஏற ஏறக் கைத் தமனி நசுங்கி, மணிக்கட்டில் நாடித்துடிப்பு நின்றுவிடும். பிறகு காற்றை மெல்ல வெளியேற்றினால் துடிப்பு மீண்டும் விரலுக்குத் தட்டுப்படும். அந்த நொடியில் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறதோ, அதுவே இரத்த அழுத்தம். இரத்த அழுத்தத்தை இன்றும் மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் குறிப்பதற்கு இதுவே காரணம்.

இந்த முறையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ரீவா-ரோச்சியின் பட்டை மிகக் குறுகலாக இருந்தது. குறுகிய பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியது. 1901இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபொன் ரெக்லிங்ஹாவுசன் இதனை எடுத்துக்காட்டிப் பட்டையை அகலமாக்கினார். இரண்டாவது குறை பெரியது. விரலால் நாடி பார்த்து ஓர் எண்ணைத்தான் அறிய முடிந்தது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள உச்ச அழுத்தம் மட்டுமே அது. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது தமனியில் எஞ்சி நிற்கும் அழுத்தத்தை நம்பகமாக அறிய எளிய வழி இல்லை.

ஒரு பக்கத்தில் அடங்கிய கண்டுபிடிப்பு

1905இல் கொரொட்கோவ் போர்முனையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். தமனிகளைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். ரீவா-ரோச்சியின் பட்டையைக் கையில் கட்டிக் காற்றடைத்து, முழங்கையின் உட்புறத்தில், பட்டைக்குச் சற்றுக் கீழே, குழந்தைகளுக்குப் பயன்படும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

தமனி முழுவதும் நசுங்கியிருந்தபோது எந்த ஒலியும் இல்லை. காற்றை மெல்ல வெளியேற்றினார். பாதரசம் ஓர் அளவுக்கு இறங்கியதும், கதவை விரலால் தட்டுவது போன்ற ஒலி கேட்டது. மேலும் இறங்க இறங்க அந்தத் தட்டல் இரைச்சலாக மாறி, மீண்டும் தட்டலாகி, இறுதியில் முற்றிலும் மறைந்துவிட்டது.

தோட்டத்தில் செடிகளுக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயைக் காலால் முழுவதும் மிதித்தால் தண்ணீர் நிற்கும். ஓசையும் இராது. காலைச் சற்றுத் தளர்த்தினால், தண்ணீர் நெருக்கிக்கொண்டு பீறிடும்போது இரைச்சல் எழும். காலை எடுத்துவிட்டால் தண்ணீர் அமைதியாக ஓடும். கைத் தமனியிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. ஒலி முதன்முதலாகக் கேட்கும் நொடியில் உள்ள அளவு, இதயம் சுருங்கும்போது உள்ள மேல் அழுத்தம். ஒலி மறையும் நொடியில் உள்ள அளவு, இதயம் விரியும்போது உள்ள கீழ் அழுத்தம். தமனியைத் திறக்காமல், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், இரண்டு எண்களையும் ஒரே முறையில் அறிய வழி பிறந்தது.

1905ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இராணுவ மருத்துவக் கழகத்தின் கூட்டத்தில் கொரொட்கோவ் இதனை அறிவித்தார். அவருடைய அறிக்கை அச்சில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. கூடியிருந்த மருத்துவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவுமில்லை. அந்த ஒலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாமே என்று ஐயம் எழுப்பினார்கள். கையில் பட்டைக்குக் கீழேதான் ஒலி பிறக்கிறது என்று கொரொட்கோவ் விளக்கினார்.

சொல்லால் விளக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. விலங்குகளிடம் சோதனை செய்து, ஒலி தமனியிலேயே பிறக்கிறது என்பதற்குச் சான்று தேடிச் சில வாரங்களில் மீண்டும் அதே கழகத்தின் முன் நின்றார். பேராசிரியர் மிக்காயில் யானோவ்ஸ்கி இந்த முறையின் மதிப்பை உணர்ந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் அதனை மேலும் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார்கள். அதன் பிறகு அது ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. அந்த ஒலிகள் இன்று உலகெங்கும் கொரொட்கோவ் ஒலிகள் என்றே அழைக்கப்படுகின்றன.

சுரங்கத் தொழிலாளர்களின் மருத்துவர்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு கொரொட்கோவ் தலைநகரிலேயே தங்கிப் புகழ் தேடியிருக்கலாம். அவர் சைபீரியாவின் ஒதுக்குப்புறமான வித்தீம்-ஒலியோக்மா பகுதிக்கு மருத்துவராகச் சென்றார். தமனிகளைப் பற்றிய தம் ஆய்வேட்டை 1910இல் அளித்து முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னும் மீண்டும் சைபீரியாவுக்கே போய், லேனா ஆற்றுப் பகுதியின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார்.

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்தச் சுரங்கப் பகுதியின் நிலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. வேலை கொடுப்பதும், தங்கும் இடம் கொடுப்பதும், கடையில் உணவுப் பொருள் விற்பதும் ஒரே நிறுவனம். அருகில் வேறு ஊரில்லை. குளிர் கொடியது, வேலை நேரம் நீண்டது. 1912இல் கெட்டுப்போன இறைச்சி விற்கப்பட்டதைத் தொடர்ந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் மாதத்தில் ஆயுதம் ஏதுமின்றிச் சென்றுகொண்டிருந்த தொழிலாளர்கள்மீது படையினர் துப்பாக்கியால் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காயமடைந்தும் வீழ்ந்தார்கள். அந்தக் கொடுமையை நேரில் கண்டவர்களுள் கொரொட்கோவும் ஒருவர். அவர் அதுவரை இரண்டு போர்க்களங்களைப் பார்த்திருந்தார். ஆயினும், கூலி உழைப்பாளிகள் சுடப்பட்ட அந்தக் காட்சி அவர் மனத்தை ஆழமாகப் பாதித்தது.

அதன்பின் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். முதல் உலகப் போரின்போது, உடல் ஊனமுற்ற வீரர்களைப் பராமரித்த இல்லம் ஒன்றில் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு பெட்ரோகிராட் என்று பெயர் மாறியிருந்த அந்நகரின் மெச்னிக்கோவ் மருத்துவமனையில் மூத்த மருத்துவராக இருந்தார். உணவும் எரிபொருளும் தட்டுப்பட்ட கடினமான காலம் அது. காசநோய்க்கு ஆளான கொரொட்கோவ் 1920ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. அவர் பயன்படுத்திய கருவிகள் எளியவை. எழுதிய அறிக்கை சிறியது. ஆனால், அவர் காட்டிய வழியில்தான் அதன்பின் உலக மருத்துவர்கள் அனைவரும் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு

கொரொட்கோவ் மறைந்த பிறகும் அவருடைய முறை வளர்ந்தது. 1940இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அய்மன், கோல்ட்ஷைன் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு புதிய முயற்சியின் முடிவுகளை வெளியிட்டார்கள். இரத்த அழுத்தம் மிகுந்த நோயாளிகள் வீட்டிலேயே தங்கள் அழுத்தத்தை அளந்து குறித்துவர அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பிறகு அந்த எண்களை மருத்துவமனையில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே மனிதர், ஒரே முறை. ஆயினும் வீட்டில் எடுத்த எண்கள் பெரும்பாலும் குறைவாகவே இருந்தன.

இதற்குக் காரணம் எளிது. இரத்த அழுத்தம் நம் உயரத்தைப் போல ஓர் இடத்தில் நிற்பதன்று. படியேறினால் கூடும்; தூங்கினால் குறையும். பேசினால் கூடும், பயந்தால் கூடும். மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு மனம் படபடக்கும். அந்தப் படபடப்பு எண்ணையும் உயர்த்திவிடும். சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. கிளினிக்கில் சரியாக இருக்கும் அழுத்தம், வேலையிலும் வீட்டிலும் உயர்ந்து நிற்கும். இந்த இரண்டாம் வகையினர் தங்களுக்கு நோய் இல்லை என்று நம்பிவிடுவதால், அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பின்னர், ஸ்டெதஸ்கோப் இல்லாமலேயே இயங்கும் மின்னணுக் கருவிகள் வந்தன. இவை ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்வைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்கின்றன. ஆனால், அத்தகைய கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும்போது, பயிற்சி பெற்றவர்கள் கொரொட்கோவ் ஒலியைக் கேட்டு அளந்த எண்களோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

நம் தோட்டப்புறங்களில்

2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வலிக்காத நோய் என்பதால் வரும் கேடு இது. காய்ச்சல் வந்தால் உடல் சுடும். பல் கெட்டால் வலிக்கும். இரத்த அழுத்தம் உயர்ந்தால் பெரும்பாலோர்க்கு ஒன்றுமே தெரியாது. ஆண்டுக்கணக்கில் அது தமனிகளையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சிதைத்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

கோலா சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்கள் பல உள்ளன. விடிவதற்கு முன் பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டி, நடந்தே பழகிய தலைமுறை அது. இன்று அவர்களுள் பலர் முதியவர்கள். நடை குறைந்துவிட்டது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உணவில் உப்பைக் கூட்டுகின்றன. சிலர் தலைசுற்றல் வந்தால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். சிலர் உடம்பு நன்றாக இருப்பதாக எண்ணித் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ஒருமுறை எண் உயர்ந்ததைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கலங்குகிறார்கள். இவர்கள் எல்லாரும் உடம்பின் ஓர் உணர்வையோ ஒரே ஓர் எண்ணையோ நம்பி முடிவு செய்கிறார்கள். பல நாள் எண்களைச் சேர்த்துப் பார்ப்பதே இதற்கு மாற்று.

வீட்டில் அளப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், காப்பி, புகை, கடும் வேலை ஆகியவை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில், பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. கையை மேசைமேல், இதயத்தின் உயரத்திற்கு வைக்க வேண்டும். பட்டை மேற்கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால், ரீவா-ரோச்சியின் குறுகிய பட்டையைப் போலவே அதுவும் எண்ணைக் கூட்டிக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது.

காலையில் மருந்து உண்பதற்கு முன் இருமுறை, மாலையில் இருமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு அளக்க வேண்டும். இப்படி ஏழு நாள் எழுதிவர வேண்டும். முதல் நாளில் கருவி பழகியிராது, மனமும் பதறும். ஆகவே, அந்நாளின் எண்களை விட்டுவிட்டு, மற்ற ஆறு நாள்களுக்கும் சராசரி காண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கிளினிக்கில் 152 என்ற மேல் அழுத்தம் காட்டிய ஒரு பாட்டியை எண்ணிக்கொள்வோம். பேரப்பிள்ளை ஒரு வாரம் அவருக்கு அளந்து, ஒவ்வொரு நாளின் நான்கு எண்களுக்கும் சராசரி கண்டு குறித்து வைக்கிறான். முதல் நாள் 150. அதனை விட்டுவிடலாம். அடுத்த ஆறு நாள்களின் மேல் அழுத்தம் 138, 134, 136, 130, 132, 134. இவற்றைக் கூட்டினால் 804. ஆறால் வகுத்தால் 134. கீழ் அழுத்தம் 84, 82, 83, 80, 81, 82. கூட்டினால் 492. ஆறால் வகுத்தால் 82. ஆகவே, பாட்டியின் வீட்டுச் சராசரி 134க்கு 82. கிளினிக்கில் 140க்கு 90 என்பது உயர் அழுத்தத்தின் எல்லை. வீட்டுச் சராசரிக்கு 135க்கு 85 என்பது எல்லை. பாட்டியின் எண்கள் அந்த எல்லைக்குச் சற்றே கீழே நிற்கின்றன.

இந்தக் கணக்கைக் கொண்டு பாட்டி தாமே மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. குறித்து வைத்த ஏட்டை அப்படியே கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். ஒரு நாள் எண்ணைக் கண்டு மருந்தைக் கூட்டுவதா, ஒரு வார ஏட்டைக் கண்டு பொறுத்திருப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். அந்த முடிவுக்கு வேண்டிய உண்மையான சான்றைக் கொண்டு சேர்ப்பதே வீட்டில் உள்ளவர்களின் பங்கு. பிடித்த எண்களை மட்டும் எழுதி, உயர்ந்த எண்களை மறைத்தால் சராசரி பொய்யாகிவிடும். சராசரி எல்லைக்குள் இருந்தாலும், ஓர் எண் 180க்கு 120ஐத் தாண்டிவிட்டால் சில நிமிடம் ஓய்ந்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். அதனுடன் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் போன்ற அறிகுறிகளும் தோன்றினால், மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முடிவுரை

காயம்பட்ட ஒரு வீரரின் கையைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியிலிருந்து கொரொட்கோவின் தேடல் தொடங்கியது. பிறர் கேட்காத இடத்தில் அவர் காதை வைத்தார். கேட்டதைப் பிறர் ஐயுற்றபோது சினம் கொள்ளாமல் மறுபடியும் சோதித்தார். தெரிந்ததை மட்டும் சில வரிகளில் எழுதினார். புகழை விட்டு, தொலைதூரத்தில் உழைக்கும் மக்களிடையே மருத்துவராக வாழ்ந்தார்.

இன்று அவருடைய முறையைப் பயன்படுத்த மருத்துவப் பட்டம் தேவையில்லை. எண்களைப் படிக்கவும், கூட்டவும், வகுக்கவும் தெரிந்த ஒரு மாணவர் போதும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்காக நாள்தோறும் சில நிமிடம் ஒதுக்கி, உள்ளதை உள்ளபடி ஓர் ஏட்டில் எழுதிவந்தால், வலியின்றி வளரும் ஒரு நோயை முன்கூட்டியே அறிந்து தடுக்க அது உதவும்.